தறிச் சத்தத்துக்கு நடுவுல ஒரு கணக்கு கிளாஸ்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டோம்.)

போன வாரம் என் போன்ல இடமே இல்லன்னு சொல்லிருச்சு. உட்கார்ந்து பழைய வீடியோ எல்லாத்தையும் அழிச்சுக்கிட்டு இருந்தேன். கல்யாண வீடியோ, காலை வணக்கம் வீடியோ, யாரோ அனுப்பின சமையல் வீடியோ. அதுக்கு நடுவுல ஒண்ணு, பன்னிரண்டு செகண்டுதான். எங்க அக்கா ஒரு பேனருக்கு முன்னாடி விறைப்பா நின்னு சொல்றாங்க: "ஆன்லைன் வகுப்புகள் மிகவும் பயனுள்ளதாக இருந்தன. பள்ளி நிர்வாகத்திற்கு எங்கள் நன்றி."

அவ்வளவுதான் வீடியோ. எங்க அக்கா வாழ்க்கையில "இருந்தன"ன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. அது 2022 கோடையில, அட்மிஷன் சமயத்துல, பையன் படிக்கிற ஸ்கூல்ல எடுத்தது. பெற்றோர் பாராட்டு வீடியோ. அந்த மாதிரி வீடியோ நீங்களும் நிறையப் பார்த்திருப்பீங்க, பார்த்துட்டுத் தள்ளி விட்டிருப்பீங்க. நானும் அப்படித்தான். ஆனா இந்த ஒரு வீடியோவுல அக்கா உண்மையில என்ன சொல்ல நினைச்சாங்கன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். மல்லசமுத்திரம். நாமக்கல் மாவட்டம். 1997-க்கு முன்னாடி சேலம் மாவட்டம். எங்க அப்பா இன்னைக்கும் அட்ரஸ் எழுதும்போது கை சேலம்னுதான் போகும். ஒரு பக்கம் ஆட்டையாம்பட்டி, இன்னொரு பக்கம் திருச்செங்கோடு, நடுவுல நாங்க. தைப்பூசத்துக்குக் காளிப்பட்டி கந்தசாமி கோயில் தேர்னா சுத்துப்பட்டு ஊர் பூரா அங்கதான் இருக்கும். பருத்தி ஏலம் நடக்கும். தெருவுக்குள்ள நடந்து போனீங்கன்னா எந்நேரமும் விசைத்தறிச் சத்தம். வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு அந்தச் சத்தத்துல தூக்கம் வராது. எங்களுக்கு அது நின்னாத்தான் தூக்கம் கலையும், "கரண்டு போயிருச்சா?"ன்னு எந்திரிச்சு உட்காருவோம்.

இன்னொரு விஷயத்துக்கும் எங்க மாவட்டம் பேர் போனது. அது முட்டை இல்ல, லாரி பாடி கட்டுறது இல்ல. ஸ்கூல். நாமக்கல்ல புள்ளையை ஹாஸ்டல்ல சேர்த்தா பிளஸ் டூ மார்க் கொட்டும்னு தமிழ்நாடு பூரா ஒரு பேச்சு இருந்துச்சு. இதைக் கேக்குற உங்கள்லயே சில பேர் அந்த ஹாஸ்டல் சாம்பாரைச் சாப்பிட்டிருப்பீங்க. இதுக்குக் காரணம் இருக்கு. 2007-ல இருந்து தமிழ்நாட்டுல என்ஜினீயரிங், மெடிக்கல் ரெண்டுக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க் மட்டும்தான். அப்போ ஒரு மார்க்குன்றது ஒரு சீட்டு. பதினொண்ணாவது பாடத்தை ஓரங்கட்டிட்டு, ரெண்டு வருஷமும் பன்னிரண்டாவது பாடத்தையே அரைச்சு அரைச்சுக் குடுக்குற பழக்கம் பல தனியார் பள்ளிகள்ல வந்துச்சு. அப்புறம் 2017-ல நீட் வந்தது. அதே வருஷம் ரேங்க் பட்டியல் வெளியிடறதையும் அரசு நிறுத்துச்சு. 2018-ல பதினொண்ணாவதுக்கும் பொதுத்தேர்வு வச்சாங்க. அதையும் இப்போ 2025-26 கல்வியாண்டுல இருந்து எடுத்துட்டாங்க. சரி, அது வேற கதை.

இதை எதுக்குச் சொல்றேன்னா, எங்க ஊர்ப்பக்கம் பெத்தவங்க ஒரு ஸ்கூலைப் பாராட்டுறதுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்துச்சு. ஃப்ளெக்ஸ் போர்டு. ஜூன் மாசம் பஸ் ஸ்டாண்டுல மார்க்கோட சேர்த்துப் புள்ளைங்க போட்டோ வரிசையா இருக்கும். "அந்த ஸ்கூல் நல்ல ஸ்கூலுங்க"ன்னு ஒருத்தர் சொன்னா, அதுக்கு அர்த்தம், அந்த போர்டுல நிறைய முகம் இருந்துச்சுன்னுதான். உள்ள என்ன நடக்குதுன்னு யாரும் பார்த்ததில்ல. எப்படிப் பார்ப்பாங்க? கேட்டுக்கு வெளியே விட்டுட்டு வரணும். பேரன்ட்ஸ் மீட்டிங்னா போய்க் கையைக் கட்டி நின்னு, மார்க் ஷீட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, "நல்லா கவனிச்சுக்கங்க மிஸ், அடிச்சாலும் பரவால்லைங்க"ன்னு சொல்லிட்டு வரணும். பாடம் நடத்துறதைப் பாராட்டணும்னா, பாடம் நடத்துறதைக் கேட்டிருக்கணும் இல்லையா?

அதைக் கேட்க வச்சது 2020.

மார்ச் நடுவுல ஸ்கூல் மூடுனாங்க. எல்லாருக்கும் ஆல் பாஸ். அக்கா பையன் ஆறாவதுல இருந்து ஏழாவது போனான். நான் சென்னையில வேலை. மே மாசம் இ-பாஸ் வாங்கி ஊருக்கு வந்தேன். இதைக் கேக்குற பல பேர் அப்படி வந்திருப்பீங்க, லேப்டாப்பும் ரெண்டு டி-சர்ட்டுமா. எனக்குப் பட்டறைக்குப் பின்னாடி இருந்த சின்ன ரூமைக் குடுத்தாங்க. அக்காவும் மாமாவும் நாலு தறி வச்சிருக்காங்க, கூலிக்கு ஓட்டுறது. அதாவது நூல் கொடுக்கிறவர் ஒருத்தர், நெசவு இவங்களோடது, மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. ஊரடங்குல அதுவும் கொஞ்ச நாள் நின்னுபோய், அப்போதான் மறுபடி ஓட ஆரம்பிச்சிருந்துச்சு.

ஜூலையில ஆன்லைன் கிளாஸ் ஆரம்பம். ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு வகுப்பு, ஒவ்வொண்ணும் முப்பதுல இருந்து நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாதுன்னு மத்திய அரசு அந்த மாசம்தான் வழிகாட்டி போட்டாங்க. பையன் ஸ்கூல்ல காலையில ரெண்டு கிளாஸ், நாப்பது நாப்பது நிமிஷம்.

அந்த நேரத்துல பாராட்டுன்ற வார்த்தையே ஊர்ல இல்ல. ஒரே சண்டை. "ஸ்கூலே நடக்கல, எதுக்குப் பீஸு?"ன்னு பெத்தவங்க. "டீச்சருக்குச் சம்பளம் எங்க இருந்து குடுக்கிறது?"ன்னு ஸ்கூல். கடைசியில கோர்ட்டுக்குப் போச்சு. முதல் தவணையா 40 சதவீதம் வாங்கிக்கலாம்னு சென்னை உயர் நீதிமன்றம் ஜூலையில சொல்லுச்சு. எங்க மாமா அந்த 40 சதவீதத்தைக் கட்டிட்டு வந்து, "செல்போன்ல பாடம் சொல்றதுக்கு இவ்ளோ காசு"ன்னு ஒரு வாரம் முனகுனாரு. வீட்டுல நல்ல போன் ஒண்ணுதான். நூல்காரர் கூப்பிடுறதும் அதுலதான், மிஸ் கூப்பிடுறதும் அதுலதான்.

பையன் போனை எடுத்துக்கிட்டு எந்த மூலையில உட்கார்ந்தாலும் தறிச் சத்தம் வரும். வீடும் பட்டறையும் ஒரே சுவர். மிஸ் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. இவன் மைக்கை ஆன் பண்ணுவான். அவ்வளவுதான், மொத்த கிளாஸுக்கும் கடகட கடகடன்னு கேட்கும். "யாருப்பா அது, மைக்கை ஆஃப் பண்ணுங்க, மைக்கை ஆஃப் பண்ணுங்க." புள்ளைங்க சிரிக்கும். பையனுக்கு ஏழாவது படிக்கிற வயசு, மானம் போயிரும். ரெண்டு வாரம் கழிச்சு மிஸ் கூப்பிட்டாலும் மைக்கைத் திறக்கவே மாட்டேன்னு உட்கார்ந்துட்டான். வீடியோவையும் அணைச்சுட்டு அந்தப் பக்கம் ஃப்ரீ ஃபயர். நான் கண்ணால பார்த்தேன். மாமான்ற முறையில காட்டிக் குடுக்கல, அது என் தப்புதான்.

காட்டிக் குடுத்தது அக்கா. ஒரு நாள் கரண்டு போச்சு. தறி நின்னுச்சு. அப்போதான் அக்காவுக்கு அந்த போன்ல என்ன ஓடுதுன்னு முதல் தடவையா காதுல விழுந்துச்சு. கணக்கு கிளாஸ். மிஸ் கேள்வி கேட்டுட்டு இருக்காங்க, இவன் சுட்டுட்டு இருக்கான். முதுகுல ஒண்ணு விழுந்துச்சு. அப்புறம் அக்கா பக்கத்துலயே உட்கார்ந்துட்டாங்க, அவன் ஒழுங்கா கேக்குறானான்னு பார்க்க.

அன்னைக்கு நடந்த பாடம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, கதவு திறந்துதான் இருந்துச்சு. ஏழாம் வகுப்புல முழுக்கள்னு வரும். மைனஸ் எண்ணைக் கூட்டுறது, பெருக்குறது. மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ். நாம எல்லாரும் படிச்சதுதான். ஏன்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? எனக்கு இல்ல. "ரூல் அது, மனப்பாடம் பண்ணு"ன்னாங்க. அக்கா எட்டாவதோட நின்னவங்க. அவங்களுக்கும் அதே ரூல்தான், அதே மனப்பாடம்தான்.

அந்த மிஸ் சொன்னது இப்படி. முதல்ல போர்க்குழி. எங்க பக்கம் போர்வெல் தெரியாத புள்ளை கிடையாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா பூரா போய்த் துளை போடுது. தரைமட்டம் சைபர், கீழ போகப் போக மைனஸ். அது எல்லாருக்கும் புரிஞ்சுது. அடுத்தது கடன் சீட்டு. "ஒரு சீட்டுல ஐநூறு ரூபா கடன்னு எழுதியிருக்கு. அது உங்களுக்கு மைனஸ் ஐநூறு. ஒருத்தர் வந்து அந்த மாதிரி மூணு சீட்டை உங்க வீட்டுல குடுத்துட்டுப் போறாரு. மூணு தடவை மைனஸ் ஐநூறு. மைனஸ் ஆயிரத்தி ஐநூறு. சரியா? இப்போ அவர் மறுபடி வராரு. வந்து, அந்த மூணு சீட்டையும் திருப்பி எடுத்துட்டுப் போறாரு. மூணைக் குடுத்தா பிளஸ் மூணு. எடுத்துட்டுப் போனா மைனஸ் மூணு. கடன் சீட்டை எடுத்துட்டுப் போயிட்டா உங்களுக்கு என்ன ஆச்சு?"

ஒரு பையன் கேட்டான், எங்க பையன் இல்ல, வேற ஒருத்தன்: "ஆனா கைல காசு ஒண்ணும் வரலியே மிஸ்?" நல்ல கேள்விங்க அது. அந்த மிஸ் அவனை உட்கார வைக்கல. "கைல வரலைதான். ஆனா நீ குடுக்க வேண்டியது போயிருச்சில்ல? போர்க்குழிக்குள்ள ஆயிரத்தி ஐநூறு அடியில இருந்தவன் தரைக்கு வந்துட்ட. எவ்வளவு மேல ஏறியிருக்க?"

பையன் இன்னும் முழிச்சுக்கிட்டு இருந்தான். அக்காவுக்குப் புரிஞ்சுருச்சு. அப்போ நூல் கணக்குல அட்வான்ஸ் பாக்கி, மகளிர் குழுவுல ஒரு கடன், ஸ்கூல் பீஸு மிச்சம். அவங்களுக்கு மைனஸ்னா என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. மைக் ஆஃப்லதான் இருந்துச்சு. அக்கா போனைப் பார்த்துச் சொன்னாங்க: "அந்த மூணு சீட்டை எடுத்துட்டுப் போறவரு எந்த ஊர்லிங்க மிஸ் இருக்காரு?" நானும் பையனும் சிரிச்சோம். அவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, முப்பது வயசுக்கு மேல இப்பத்தான்டா இது எனக்குப் புரியுது. அப்பவே இப்படி யாராவது சொல்லியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சு, பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க. கரண்டு வந்துருச்சு.

மறுநாள்ல இருந்து கணக்கு கிளாஸ் நேரத்துல நாலு தறியும் நிக்கும்.

இது சின்ன விஷயம் இல்ல. கூலிக்கு ஓட்டுற தறி நாப்பது நிமிஷம் நின்னா அத்தனை மீட்டர் போச்சு, அத்தனை கூலி போச்சு. மாமா சத்தம் போட்டாரு. "அவன் படிக்கிறதுக்கு நீ எதுக்குத் தறியை நிறுத்துற?" "சத்தத்துல அவனுக்குக் கேக்காதுங்க"ன்னு அக்கா சொன்னாங்க. அதுல பாதி உண்மை. கணக்கு கிளாஸுக்கு மட்டும் நிக்கும், இங்கிலீஷ் கிளாஸுக்கு ஓடும். அதையும் நான் கவனிச்சேன்.

எங்க வீட்டுல மட்டும் நடந்த கதை இல்ல இது. அந்த வருஷம் எல்லா வீட்டுலயும் ஒரு அம்மாவோ பாட்டியோ கிளாஸ் கேட்டுட்டு இருந்தாங்க. போனுக்குப் பக்கத்துல இருந்து "சொல்லுடா, பதினாறுடா"ன்னு விடை எடுத்துக் குடுக்கிறது, மைக் ஆன்ல இருக்கிறது தெரியாம மருமகளைத் திட்டுறது, எல்லாம் நடந்துச்சு. டீச்சர் பக்கத்துல இருந்து யோசிங்க. நாப்பது புள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துப் பழகினவங்க, திடீர்னு நாப்பது குடும்பத்துக்கு முன்னாடி நிக்கிறாங்க. கேரளாவுல 2020 ஜூன் 1-ஆம் தேதி டி.வி. வழியா வகுப்பு ஆரம்பிச்சாங்க. ஒண்ணாவது புள்ளைங்களுக்குப் பூனைக் கதை சொன்ன ஒரு டீச்சர் ஒரே நாள்ல மாநிலம் பூரா பிரபலம். கொண்டாடினவங்களும் இருந்தாங்க, அசிங்கமாக் கேலி பண்ணினவங்களும் இருந்தாங்க. புனேயில ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் துணி மாட்டுற ஹேங்கர்ல போனைக் கட்டித் தொங்க விட்டு, போர்டுல எழுதிக்கிட்டே நடத்தின போட்டோ நீங்க பார்த்திருப்பீங்க. அதுக்கு முன்னாடி டீச்சர்கள் வேலை செய்யறதை நாடு இப்படிப் பார்த்திருக்கா? எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சரி. இதைக் கேட்டுட்டு ஆன்லைன் கிளாஸ் நல்லதுன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. எதிர் வீட்டுக்கு வரேன்.

எதிர் வீட்டுப் பொண்ணு, அப்போ எட்டாவது, கவர்ன்மென்ட் ஸ்கூல். அப்பா ரிக் வண்டியில வேலை. வண்டி வடக்க போச்சுன்னா மாசக்கணக்குல ஆள் வர மாட்டாரு. அவங்க வீட்டுலயும் நல்ல போன் ஒண்ணுதான். அது அப்பாகூட மகாராஷ்டிராவுக்குப் போயிரும். அம்மாகிட்ட பட்டன் போன். அந்தப் பொண்ணுக்குக் கல்வித் தொலைக்காட்சிதான். 2019 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச சேனல் அது, கொரோனா வரும்னு தெரிஞ்சு ஆரம்பிச்சது இல்ல, ஆனா அந்த நேரத்துல கை குடுத்துச்சு. பாடம் நல்லாவே எடுத்தாங்க. புத்தகத்துல 2018-ல இருந்தே கியூஆர் கோடும் இருந்துச்சு, ஸ்கேன் பண்ணா வீடியோ வரும். எதை வச்சு ஸ்கேன் பண்றது? டி.வி.யில வர டீச்சரை நிறுத்தி, "கைல காசு வரலியே மிஸ்?"னு கேக்க முடியாது. "கேக்குதா?"ன்னு அவங்களும் கேக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு பத்தரை மணிக்கு டி.வி. முன்னாடி நோட்டோட உட்காரும். பதினொண்ணரைக்குத் தார் சுத்தப் போயிரும், பக்கத்துப் பட்டறைக்கு. ஸ்கூல் மூடியிருந்த வருஷத்துல எத்தனை புள்ளைங்க அப்படிப் பட்டறைக்குள்ள போச்சுன்னு எங்க ஊர் ஆளுங்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்து பையன் பக்கத்துல உட்கார்ந்துச்சு. பையனுக்கு ஏழாவது பாடம், அவளுக்கு எட்டாவது. ஆனாலும் உட்கார்ந்து கேட்டா. அடுத்த நாளும் வந்தா. மூணாவது நாள் பையன், "மிஸ் பார்த்தா திட்டுவாங்க"ன்னான். வீடியோவே ஆன்ல இல்ல, யார் பார்க்கப் போறா? அவன் சொன்னது அவளுக்குப் புரிஞ்சுது, அப்புறம் வரல. அக்கா அவனைத் திட்டினாங்க. நான் அப்போ ஒரு ஆபீஸ் காலில் இருந்தேன். இதை எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன், என்கிட்ட ஒரு பழைய போன் டிராயர்ல சும்மாதான் கிடந்துச்சு. குடுக்கணும்னு எனக்குத் தோணினப்போ அவ தார் சுத்துறதுல நல்லாப் பழகியிருந்தா.

ஒன்பதாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் 2021 செப்டம்பர் 1 திறந்தாங்க. அவ அப்போ ஒன்பதாவது. திரும்பிப் போனா. போனாள்னு சொல்லும்போதே எனக்கு ஒரு நிம்மதி, ஏன்னா போகாத புள்ளைங்களும் தெருவுல உண்டு. அந்த அக்டோபர்ல விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்துல இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் ஒரு ஒண்ணரை மணி நேரம், தெருவுலயே தன்னார்வலர்கள் பாடம் சொல்றது, மாசம் ஆயிரம் ரூபா ஊக்கத்தொகை. ஆனா அது எட்டாவது வரைக்கும்தான். இவ தங்கச்சிக்குக் கிடைச்சுது, இவளுக்கு வயசு தாண்டிருச்சு. சொல்ல ஒண்ணும் இல்ல, சில பேருக்கு வரிசை அப்படித்தான் அமையுது.

எங்க பையன் ஸ்கூல், எட்டாவது வரைக்கும்கிறதால, நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்துச்சு. முதல் நாள் அக்கா அவனைக் கொண்டு போய் விட்டாங்க. கையில ஒரு கவர். ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு. மிஸ்ஸுக்கு. குரல் மட்டும் கேட்ட ஆளை நேர்ல பார்க்கப் போறோம்னு காலையில இருந்து ஒரு பரபரப்பு. ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. "அவங்க இப்ப இல்லைங்களே"ன்னு பதில். அந்த ஜூன்லயே போயிட்டாங்களாம்.

ஏன்னு அங்க யாரும் சொல்லல. அந்த வருஷம் தமிழ்நாடு பூரா தனியார் பள்ளி டீச்சர்கள் என்ன ஆனாங்கன்னு உங்களுக்கே தெரியும். பாதிச் சம்பளம், சில இடத்துல அதுவும் இல்ல. எத்தனையோ பேர் துணிக்கடைக்கும் காட்டு வேலைக்கும் போனதா செய்தி வந்துட்டே இருந்துச்சு. நெட் பேக் சொந்தக் காசு. போன் சொந்தப் போன். பீஸு கட்ட முடியாத பெத்தவங்களும் டீச்சரும் ஒரே தெருவுலதான் இருந்தாங்க, ஒருத்தர் கஷ்டம் இன்னொருத்தருக்குத் தெரியாம. முறுக்கைத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. நாங்கதான் சாப்பிட்டோம்.

இப்போ அந்தப் பன்னிரண்டு செகண்ட் வீடியோ. 2022 ஏப்ரல்னு நினைக்கிறேன். ஸ்கூல்ல கூப்பிட்டு, "உங்க பையன் நல்லாப் படிக்கிறான், ஆன்லைன் கிளாஸ் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னாங்க. அக்கா நிஜமாவே பேச ஆரம்பிச்சாங்க. கடன் சீட்டு கதையைச் சொன்னாங்க. கரண்டு போனது, தறி நின்னது எல்லாம். கேமரா வச்சிருந்த தம்பி பாதியில நிறுத்திட்டு, "அக்கா, இவ்ளோ நீளம் வேண்டாங்க. ஸ்கூலைப் பத்திச் சொல்லுங்க"ன்னான். ரெண்டாவது தடவை மிஸ் பேரைச் சொன்னாங்க. "அவங்க இப்ப இங்க இல்லைங்க, பேர் வேண்டாம்." மூணாவது தடவை என்ன சொல்றதுன்னே தெரியல. கடைசியா ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க. "இருந்தன."

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்ல. அவன் வேலை அது. ஸ்கூல் மேலயும் பெருசாக் கோபம் இல்ல. விளம்பரத்துல கணக்கு டீச்சரோட கடன் சீட்டை யார் கேக்கப் போறான்னு அவங்க நினைச்சிருக்கலாம். எனக்கு உறுத்துறது வேற. பெத்தவங்க கிளாஸ் ரூமுக்குள்ள போய் உட்கார்ந்த ஒரே காலம் அது. பாடம் நடத்துறதுல எது நல்லாயிருக்கு, எது நல்லாயில்லன்னு எட்டாவது படிச்ச ஒரு அம்மாவால துல்லியமாச் சொல்ல முடிஞ்சுது. இங்கிலீஷ் மிஸ் புத்தகத்தை வாசிச்சுட்டுப் போயிருவாங்க, கணக்கு மிஸ் கேள்வியை மதிப்பாங்கன்னு அக்காவுக்குத் தெரியும். அதைச் சொல்றதுக்கு எங்க இடம் இருக்கு? அரசுப் பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு சட்டப்படி இருக்கு, 2022-ல அதுல இருபது பேர்ல பதினஞ்சு பேர் பெற்றோரா இருந்தாங்க. எதிர் வீட்டு அம்மா 2022-ல அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கழிப்பறைக்குத் தண்ணி கேட்டுட்டு வந்தாங்க, தண்ணியும் வந்துச்சு. தனியார் பள்ளியில பீஸு கட்டுற எங்க அக்காவுக்குப் பன்னிரண்டு செகண்ட், அதுவும் எழுதிக் குடுத்தது. அடுத்த ஜூன்ல பஸ் ஸ்டாண்டுல மறுபடி ஃப்ளெக்ஸ் போர்டு வந்துருச்சு. அக்காவும் அண்ணாந்து பார்த்தாங்க. யார் பார்க்காம இருப்பாங்க?

பையன் இப்போ பிளஸ் டூ. கணக்குல பரவாயில்ல. அந்த மிஸ்ஸாலதான்னு சொன்னா அது பொய்யாயிரும், நடுவுல எத்தனையோ டீச்சர், டியூஷன், என் திட்டு எல்லாம் இருக்கு.

போன வாரம் அந்த வீடியோவை அழிக்கிறதுக்கு முன்னாடி அக்காவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல போன். "அந்த மிஸ் நம்பர் ஏழாவது வாட்ஸ்அப் குரூப்புல இருக்கும்டா, எடுத்துத் தர்றியா?" குரூப்பை யாரும் கலைக்கல, 2021-க்கு அப்புறம் யாரும் அதுல பேசவும் இல்ல, பொங்கல் வாழ்த்து மட்டும் வருஷா வருஷம் யாரோ ஒருத்தர் போடுறாரு. நம்பர் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இருந்தேன். அக்கா ஸ்பீக்கர்ல போட்டாங்க.

மிஸ் திருச்செங்கோட்டுல ஒரு பைனான்ஸ்ல கணக்கு எழுதுறாங்களாம். கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. கடன் சீட்டு கதையை அக்கா முழுசாச் சொன்னாங்க, இந்தத் தடவை யாரும் நிறுத்தல. மிஸ்ஸுக்கு அந்தப் பாடம் ஞாபகமே இல்ல. "அப்படியா சொன்னேன்? நல்லாத்தான் சொல்லியிருக்கேன்"ன்னு சிரிச்சாங்க. பையன் பேரைச் சொன்னதும், "தறிச் சத்தம் கேக்கும், அந்தப் பையனா?"ன்னாங்க. "மைக்கை ஆஃப் பண்ணு ஆஃப் பண்ணுன்னு அவனை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பாவம். அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு ஒண்ணு நடக்கும்ங்க. அவன் மைக்கை ஆன் பண்ணாலும் ஒரு சத்தமும் வராது. நான் லைன் போயிருச்சுன்னு நினைச்சுட்டு, கேக்குதா, கேக்குதான்னு கத்திட்டு இருப்பேன்."

"தறியை நிறுத்திட்டு நானும் கேட்டுட்டு இருந்தனுங்க மிஸ்"ன்னாங்க அக்கா.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அக்கா போனை எடுத்துப் பார்த்துட்டு, "கேக்குதுங்களா மிஸ்? கேக்குதுங்களா?"ன்னாங்க.

"கேக்குதுங்க," அப்படின்னாங்க கொஞ்சம் கழிச்சு.